2147483647: 31 என்ற அடுக்கில் பிறந்த பகா எண்

கேள்வி இதுதான்: "கணினி நிரல்களில் முழு எண்ணின் உச்ச வரம்பாக வரும் 2147483647 ஒரு பகா எண் என்று படித்தேன். இது தற்செயலா? கணினியே இல்லாத காலத்தில் இதை எப்படி நிரூபித்தார்கள்? பகா எண்ணாக இருப்பதால் யாருக்காவது பயன் உண்டா?"

மூன்று கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. 2-ஐ 31 முறை பெருக்கி இந்த எண்ணால் வகுத்தால் மீதி 1. கேட்கும்போது சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் இந்த எண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்த அழகான விஷயங்கள் எல்லாமே இந்த ஒரு வரியிலிருந்துதான் கிளம்புகின்றன.

முதலில் எண்ணைப் பார்ப்போம். நம் கணக்கில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. அதாவது 2³¹ − 1. இருமத்தில், அதாவது 0, 1 மட்டும் வைத்து எழுதினால் வரிசையாக 31 ஒன்றுகள், நடுவில் ஒரு பூஜ்யம்கூட இல்லை. 32 பிட் (0 அல்லது 1 நிற்கும் இடம்) கொண்ட முழு எண்ணில் ஒரு பிட் கூட்டல் கழித்தல் குறிக்குப் போய்விடும். மீதி 31 பிட்டையும் ஒன்றால் நிரப்பினால் அதுதான் உச்சம். அதற்கு மேல் 1 கூட்டினால் பல கணினிகளில் விடை −2147483648 என்று தலைகீழாகிவிடும். கல்லூரியில் நான் எழுதிய கூட்டல் நிரல் ஒன்று திடீரென்று கழித்தல் குறியோடு விடை கொடுத்தபோதுதான் இந்த எண் எனக்கு அறிமுகம். அது பகா எண் என்று தெரிய எனக்கு இன்னும் நான்கு வருடம் ஆனது.

தற்செயலா என்றால், பாதி அப்படித்தான். கணினிகள் 8, 16, 32, 64 பிட் என்று வளர்ந்தன. குறிக்கு ஒன்றை ஒதுக்கினால் மிஞ்சுவது 7, 15, 31, 63. இவற்றில் 7-உம் 31-உம் பகா எண்கள். 15-உம் 63-உம் இல்லை. அடுக்கு பகு எண்ணாக இருந்தால் 2-இன் அந்த அடுக்கில் 1 குறைந்த எண்ணும் கட்டாயம் பகு எண்தான். 15 என்பது 3 × 5. ஆகவே 2¹⁵ − 1-ஐ 2³ − 1-உம் வகுக்கும், 2⁵ − 1-உம் வகுக்கும். சரிபார்த்துக்கொள்ளுங்கள்: 32767 = 7 × 31 × 151. 63-க்கும் இதே கதைதான். 64 பிட் உச்ச வரம்பை 7-உம் 127-உம் வகுக்கும். ஆக, 16 பிட்டுக்கும் 64 பிட்டுக்கும் வாய்ப்பே இல்லை. 8 பிட்டுக்கும் (127) 32 பிட்டுக்கும் மட்டும்தான் வாய்ப்பு இருந்தது, இரண்டுமே தேறிவிட்டன.

தேறியது சாதாரணம் இல்லை. அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது. 2¹¹ − 1 = 2047 = 23 × 89. 2²³ − 1-ஐ 47 வகுக்கும். 2²⁹ − 1 = 233 × 1103 × 2089. இந்த வகையில் பகா எண்ணாக நிற்பவற்றை மெர்சென் பகா எண்கள் என்கிறோம். மாரென் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644-இல் ஒரு பட்டியல் வெளியிட்டார்: 257 வரையுள்ள அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவை மட்டுமே பகா எண் தரும் என்றார். 67-உம் 257-உம் தவறு. 61, 89, 107 விட்டுப்போயின. ஆனால் 31 சரி. சரி என்று சொல்வதற்குத்தான் 128 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

1772-இல் எழுதிய ஒரு கடிதத்தில் லியோனார்டு ஆய்லர் அதை முடித்து வைத்தார். அப்போது அவர் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார். வலது கண் பார்வை பல பத்தாண்டுகளுக்கு முன்பே போயிருந்தது; இடது கண்ணிலும் புரை விழுந்து, ஏறக்குறைய முழுப் பார்வையும் இழந்த நிலை. அந்த வருடங்களில்தான் அவர் மிக அதிகமாக எழுதினார் என்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் மலைப்பாக இருக்கிறது.

சரி, எப்படி நிரூபித்தார்? எளிய வழி என்றால், இந்த எண்ணின் வர்க்கமூலம் 46340-க்குச் சற்று மேல். அதுவரை உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அப்படி 4792 பகா எண்கள் உள்ளன. ஒவ்வொன்றும் பத்து இலக்க எண்ணை வகுக்கும் வேலை, ஒரு இடத்தில் பிசகினாலும் எல்லாம் வீண். ஆய்லர் அந்தக் கூட்டத்தை முதலில் வடிகட்டினார்.

வடிகட்டியைப் புரிந்துகொள்ள 2047-ஐ எடுத்துக்கொள்வோம், சின்ன எண். அதன் காரணி 23. 2-இன் அடுக்குகளை 23-ஆல் வகுத்து மீதிகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் முந்தைய மீதியை இரட்டித்து, 23-ஐத் தாண்டினால் 23-ஐக் கழித்தால் போதும்:

2, 4, 8, 16, 9, 18, 13, 3, 6, 12, 1

பதினோராவது இடத்தில் 1 வந்துவிட்டது. அப்புறம் மறுபடி 2, 4, 8 என்று அதே சுற்று. சுற்றின் நீளம் 11. பதினொன்றாக இல்லாமல் வேறாக இருக்கவே முடியாது. 23 என்பது 2¹¹ − 1-இன் காரணி என்பதால் 11-ஆம் இடத்தில் 1 வந்தே தீரும். அப்படியானால் சுற்றின் நீளம் 11-ஐ வகுக்க வேண்டும். 11 பகா எண், அதை வகுப்பது 1-உம் 11-உம்தான். நீளம் 1 ஆக இருக்க வழியில்லை. இன்னொரு பக்கம், ஃபெர்மாவின் சிறு தேற்றம் சொல்கிறது: 2-ஐ 22 முறை பெருக்கி 23-ஆல் வகுத்தாலும் மீதி 1. ஆகவே 22 என்பது 11-இன் மடங்காக இருக்க வேண்டும். இருக்கிறது.

இதையே 31-க்குப் பொருத்துங்கள். 2³¹ − 1-க்கு ஏதாவது பகா காரணி இருந்தால், அதில் 1 குறைத்தால் 31-இன் மடங்கு வர வேண்டும். காரணி ஒற்றைப்படை என்பதால் 1 குறைத்தது இரட்டைப்படை. ஆகவே 62-இன் மடங்கு. அதாவது காரணி 62-இன் மடங்கோடு 1 கூட்டிய எண்ணாக மட்டுமே இருக்க முடியும். இந்த ஒரே வரியில் பெரும்பாலான பகா எண்கள் ஆட்டத்திலிருந்து வெளியேறிவிட்டன.

இரண்டாவது வடிகட்டி இன்னும் நுட்பமானது. 2³¹-இன் மீதி 1 என்றால், 2³²-இன் மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். ஆக, அந்தக் காரணியின் உலகத்தில் (அதாவது அதனால் வகுத்த மீதிகளை மட்டும் பார்க்கும்போது) 2 ஒரு முழு வர்க்கமாக நடந்துகொள்கிறது. எந்தெந்தப் பகா எண்களில் 2 அப்படி வர்க்கமாகும் என்பதற்கு ஒரு விதி உண்டு: 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரும் பகா எண்களில் மட்டும். இரண்டு வடிகட்டிகளையும் சேர்த்தால் மிஞ்சுவது 248-இன் மடங்கோடு 1 கூட்டியவையும் 63 கூட்டியவையும் மட்டுமே. 46340 வரை அப்படி 372 எண்கள் இருக்கின்றன (63-ஐ விட்டுவிடலாம், அது பகு எண்). தொடக்கத்தைப் பாருங்கள்: 249, 311, 497, 559, 745, 807, 993, 1055, 1241, 1303. இந்தப் பத்தில் 311-உம் 1303-உம் மட்டுமே பகா எண்கள். மற்ற எட்டையும் சோதிக்கவே தேவையில்லை. 4792 வகுத்தல்கள் இப்படி எண்பது சொச்சமாகச் சுருங்கின.

முதல் சோதனையை நாமே செய்வோம், காகிதம் இல்லாமலே செய்யலாம். 311-ஆல் வகுக்க வேண்டும். 2⁸ = 256, அது 311-க்கு 55 குறைவு, ஆகவே மீதியை −55 என்று வைத்துக்கொள்ளலாம். வர்க்கம் எடுத்தால் 2¹⁶: 3025. அதிலிருந்து 311 × 10 = 3110-ஐக் கழித்தால் −85. இரண்டையும் பெருக்கினால் 2²⁴: 4675; 311 × 15 = 4665 போக மீதி 10. இன்னும் ஏழு அடுக்கு வேண்டும், 2⁷ = 128; 10 × 128 = 1280; 311 × 4 = 1244 போக 36. ஆக 2³¹-இன் மீதி 36. நம் எண்ணின் மீதி 35. பூஜ்யம் இல்லை, 311 காரணி இல்லை. பத்து இலக்க எண்ணை ஒரு முறைகூட எழுதவில்லை, கவனித்தீர்களா? இப்படி ஒவ்வொன்றாகப் போனால் எதிலும் பூஜ்யம் வராது. அவ்வளவுதான் நிரூபணம்.

பிற்பாடு இதைவிடக் குறுகிய வழி வந்தது. 1870-களில் எட்வார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் கண்டுபிடித்த முறையை 1930-களில் அமெரிக்கரான டெரிக் லேமர் எளிமையாக்கினார். 4-இல் தொடங்குங்கள். வர்க்கம் எடுத்து 2-ஐக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வையுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இதைச் செய்த பிறகு பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். 127-க்குச் செய்து பாருங்கள்: 4, 14, 67, 42, 111, 0. ஏழாம் அடுக்கு, ஐந்து படி, பூஜ்யம். 2047-க்குச் செய்தால் ஒன்பதாவது படியில் 1736 வந்து நிற்கும், பகு எண். நம் எண்ணுக்கு 29 படிகள் போதும். காரணி என்ன என்று இந்த முறை சொல்லாது. உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும். 39 இலக்கம் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண் என்று லூக்கா 1876-இல் காட்டியது இந்த வழியில்தான். 2018 வரை கண்டுபிடித்த பெரிய மெர்சென் பகா எண்களும் இதே முறையில் தேறியவையே. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட, 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1-ஐயும் கடைசியில் இதை வைத்துத்தான் உறுதிசெய்தார்கள்.

பயன் உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். 1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயர் எண் கோட்பாடு பற்றி ஒரு நூல் எழுதினார். 2147483647-இலிருந்து கிடைக்கும் 2305843008139952128 என்ற செவ்விய எண்ணைக் குறிப்பிட்டு (அதன் காரணிகளில் அதை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டினால் அதே எண் வரும், 6, 28, 496 போல) இதைவிடப் பெரியதை யாரும் தேடப் போவதில்லை என்றார். இவை வெறும் வியப்புக்கானவை, பயன் இல்லாதவை என்பது அவர் சொன்ன காரணம். அவருடைய காலத்தில் நியாயமான கணிப்புதான். ஆனால் இரண்டுமே பொய்த்துப்போயின.

பயன் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 2³¹-இன் மீதி 1 என்பதால் இந்த எண்ணால் வகுக்க வகுத்தலே தேவையில்லை. ஒரு பெரிய எண்ணை 31 பிட், 31 பிட்டாக வெட்டி, துண்டுகளைக் கூட்டினால் போதும். பள்ளியில் 9-ஆல் மீதி காண இலக்கங்களைக் கூட்டுவோமே, அதே தந்திரம்தான். பத்துக்குப் பதில் 2³¹, அவ்வளவே. உதாரணமாக 4747561509943-இன் மீதி வேண்டும். அதில் 2147483648 எத்தனை முறை இருக்கிறது? 2210 முறை, மிச்சம் 1622647863. இரண்டையும் கூட்டுங்கள்: 1622650073. இதுதான் விடை. 2147483648-ஆல் வகுப்பது கணினிக்கு வகுத்தலே இல்லை, பிட்டுகளை நகர்த்தும் வேலை மட்டும்.

2-ஆல் பெருக்குவது இன்னும் அழகு. 31 நாற்காலிகளை வட்டமாகப் போட்டு ஒவ்வொரு பிட்டையும் ஒன்றில் உட்காரவைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். இந்த எண்ணின் உலகத்தில் 2-ஆல் பெருக்குவது என்றால் எல்லோரும் ஒரு நாற்காலி தள்ளி உட்காருவதுதான். 31 தடவை தள்ளினால் அவரவர் பழைய இடம். ஆய்லர் சொன்ன 31 நீளச் சுற்று இதுவே.

மேலே 4747561509943-ஐச் சும்மா எடுக்கவில்லை. அது 16807-இன் கனம், அதாவது 16807-ஐ மூன்று முறை பெருக்கியது. 1-இல் தொடங்கி, 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்து மீதியை எடுத்துக்கொண்டே போங்கள்: 1, 16807, 282475249, 1622650073, 984943658... பார்த்தால் ஒழுங்கே இல்லாத எண்கள். கணினியில் சீரற்ற எண்களை உண்டாக்கப் பல வருடம் பயன்பட்ட முறை இது. மூல யோசனை நாம் மேலே பார்த்த அதே லேமருடையது. 1969-இல் ஐபிஎம் சிஸ்டம்/360 கணினிக்காக லூயிஸ், குட்மன், மில்லர் மூவரும் 16807-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். 1988-இல் பார்க், மில்லர் இருவரும் இதைக் குறைந்தபட்சத் தரமாகவாவது எல்லோரும் வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினார்கள். சி++ நிரல்மொழியின் நூலகத்தில் இன்றும் இருக்கிறது. சரியாக எழுதியிருக்கிறோமா என்று பார்க்க ஒரு சோதனையும் உண்டு: 1-இல் தொடங்கினால் பத்தாயிரமாவது படியில் 1043618065 வர வேண்டும்.

ஏன் 16807? அது 7⁵. நம் எண்ணின் உலகத்தில் 7-க்கு ஒரு தனிச் சிறப்பு: 2-இன் சுற்று 31-இல் முடிந்துவிடும், 7-இன் சுற்றோ 1 முதல் 2147483646 வரை ஒரு எண்ணையும் விடாமல் தொட்டுவிட்டுத்தான் திரும்பும். 7⁵-உம் அப்படியே முழுச் சுற்று போகுமா என்பது, 5-க்கும் 2147483646-க்கும் பொதுக் காரணி இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. 2147483646 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. இதில் 5 இல்லை. ஆகவே 16807-உம் முழுச் சுற்று போகும். இந்த இடத்தில்தான் பகா எண் என்ற தன்மை நேரடியாக உழைக்கிறது. பகா எண்ணாக இல்லாவிட்டால் எல்லா எண்ணையும் தொடும் சுற்றே கிடையாது. இதற்கு நேர் எதிர் உதாரணமும் உண்டு. 1960-களில் பரவலாக இருந்த ராண்டு என்ற முறை, 2³¹ − 1-க்குப் பதில் 2³¹-ஆலேயே வகுத்தது. 1 குறைக்காததால் பகா எண்ணின் பலம் கிடைக்கவில்லை. அது பெருக்க எடுத்துக்கொண்ட எண்ணும் மோசமான தேர்வு. வந்த எண்களை மும்மூன்றாக எடுத்து முப்பரிமாண வெளியில் புள்ளி வைத்தால் எல்லாம் 15 தளங்களில் அடுக்கியது போல உட்கார்ந்துவிட்டன.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: 16807 முறையைக் கடவுச்சொல்லுக்கோ ரகசியக் குறியீட்டுக்கோ யாரும் தொடக் கூடாது. ஒரு எண் தெரிந்தால் அடுத்தது தெரிந்துவிடும். நிஜ நிகழ்வுகளைக் கணினியில் போலச்செய்து பார்க்கும் பெரிய கணக்குகளுக்கும் 214 கோடி நீளச் சுற்று இன்று போதாது. அதற்குப் பிறகு வந்த நல்ல முறைகள் இருக்கின்றன.

பைத்தான் நிரல்மொழியில் எழுதுபவர்களுக்கு இன்னொரு இடம். எண்களின் ஹாஷ் மதிப்பை (வேகமாகத் தேட உதவும் அடையாள எண்) கணக்கிட 32 பிட் கணினியில் அது இதே 2147483647-ஐ வகுத்தியாக வைத்திருக்கிறது. 64 பிட்டில் 2⁶¹ − 1-ஐ. அதுவும் மெர்சென் பகா எண், மெர்சென் தன் பட்டியலில் விட்டது. இன்றைய சாதாரணக் கணினியில் 2⁶¹-இன் ஹாஷ் கேட்டுப் பாருங்கள், 1 என்று வரும். 2-ஐ 61 முறை பெருக்கினால் மீதி 1, அதே கதை.

உச்ச வரம்பாக அது செய்யும் தொல்லைகளுக்கும் பகா எண் தன்மைக்கும் சம்பந்தம் இல்லை, ஆனாலும் கேள்வியில் இருப்பதால் சொல்கிறேன். 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை 32 பிட்டில் எண்ணும் கணினிகளில் 2147483647-ஆவது நொடி 2038 ஜனவரி 19 அன்று வருகிறது, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு. மாற்றாமல் விட்ட பழைய கருவிகள் அடுத்த நொடியில் 1901-க்குப் போய்விடும். 2014 டிசம்பரில் ஒரு கொரியப் பாடலின் பார்வை எண்ணிக்கை இந்த எண்ணைத் தாண்டியபோது யூடியூப் தன் எண்ணியை 64 பிட்டுக்கு மாற்றியிருந்தது.

கடைசியாக எனக்கு மிகப் பிடித்த ஒன்று. 5 பகா எண். 2⁵ − 1 = 31, அதுவும் பகா எண். 2³¹ − 1 = 2147483647, அதுவும் பகா எண். அப்படியானால் 2-ஐ 2147483647 முறை பெருக்கி 1 குறைத்தால்? எழுதினால் 64 கோடி இலக்கத்தைத் தாண்டும் எண். அதையும் பகா எண் என்று ஆசைப்படத் தோன்றும். ஆனால் 1983-இல் கய் ஹாவர்த் அதற்கு ஒரு காரணி கண்டுபிடித்தார்: 295257526626031. 64 கோடி இலக்க எண்ணுக்கு வெறும் 15 இலக்கக் காரணி.

எப்படித் தேட முடிந்தது? ஆய்லரின் அதே இரண்டு வடிகட்டிகள். அந்தப் பெரிய எண்ணின் காரணி 2147483647-இன் இரு மடங்கான 4294967294-இன் மடங்கோடு 1 கூட்டியதாக இருக்க வேண்டும். 4294967294-ஐ 68745-ஆல் பெருக்கி 1 கூட்டுங்கள், 295257526626031 வந்துவிடும். இரண்டாவது வடிகட்டிக்குக் கடைசி மூன்று இலக்கமான 031 போதும்: 31-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 7.